டிடாச்ட்: ஒட்டாமல் இருப்பதை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூரில் ஆங்கில வகுப்புக்கு வருகிறவர்களில் நர்சிங் முடித்தவர்கள் அதிகம். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதி இங்கிலாந்துக்கோ அயர்லாந்துக்கோ போக நினைப்பவர்கள் அவர்கள். அடுத்தபடி காட்பாடிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள், ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வெளிநாட்டு பையருக்கு, அதாவது சரக்கு வாங்குகிறவருக்கு, மெயில் அடிப்பவர்கள். மூன்று தரப்பும் சுற்றிச் சுற்றி வந்து சந்தேகம் கேட்கும் சொல் ஒன்று உண்டு: டிடாச்ட்.

ஏன் இந்தச் சொல் என்றால், இது ஏற்கெனவே நம் பேச்சுக்குள் வந்துவிட்டது. "அவன்கிட்ட இருந்து டிடாச் ஆயிட்டேன்" என்று பேருந்தில் பக்கத்து சீட்டில் யாராவது போனில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தமிழுக்கு வந்தபோது அது மனக்கசப்பு, காதல் முறிவு என்ற ஒரே மூலைக்குள் ஒதுங்கிவிட்டது. ஆங்கிலத்தில் அதன் புழக்கம் அதைவிட எவ்வளவோ பெரியது. அகராதியைத் திறந்தால் தனித்த, ஒட்டாத, பற்றற்ற என்று மூன்று சொல்லைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். மூன்றும் சரிதான். எந்த இடத்தில் எது என்பதைத்தான் அது சொல்லாது.

இந்தச் சொல்லைக் கையாள இரண்டு கேள்விகள் போதும் என்பது என் கருத்து. எதிலிருந்து விலகி இருக்கிறார்? அப்படிச் சொல்வது யார்? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் வருகின்றன.

படி 1: ஒலியும் எழுத்தும்

இரண்டே அசை. டி, டாச்ட். அழுத்தம் இரண்டாவதில். நம் வாய்க்குப் பழக்கமான 'டிடாச்சுடு' வேண்டாம். கடைசி ஒலி பட்டென்று நின்றுவிட வேண்டும். தமிழில் 'டா' என்று எழுதினாலும், வாயில் வரவேண்டியது பூனைக்கான ஆங்கிலச் சொல்லில் இருக்கும் உயிரொலி.

எழுத்துகள்: டி, இ, டீ, ஏ, சி, எச், இ, டி. டாக்டரில் வருவது டி, டீச்சரில் வருவது டீ என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்ச், மேட்ச், வாட்ச் ஆகியவற்றில் சி எழுத்துக்கு முன்னால் ஒரு டீ இருப்பதால் இதிலும் ஒன்றைச் செருகிவிடுகிறார்கள். ஆங்கிலேயர்களே செய்யும் பிழை இது. மெயிலில் தினமும் 'அட்டாச்ட்' என்று எழுதுகிறீர்கள் அல்லவா, அதில் சி எழுத்துக்கு முன்னால் ஏ மட்டும்தான். இதிலும் அப்படியே.

படி 2: எதிலிருந்து என்று கேளுங்கள்

அட்டாச், டிடாச் இரண்டும் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை. இரண்டுக்கும் அடியில் இருப்பது கழி, முளை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல் என்பார்கள். முளைக்குச்சியில் கட்டிய மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு இருக்கும்வரை அட்டாச்ட். கயிற்றை அவிழ்த்துவிட்டால் டிடாச்ட். அவிழ்த்ததும் மாடு ஓடிவிட வேண்டும் என்று கட்டாயமில்லை. அதே இடத்தில் நின்று அசைபோட்டுக்கொண்டும் இருக்கலாம்.

டிடாச்ட் என்ற சொல்லில் பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். ஆள் போய்விட்டார் என்பது அதன் பொருள் அல்ல. ஆள் இங்கேயேதான் இருக்கிறார், கட்டு மட்டும் இல்லை. ஊரைவிட்டே போய்விட்ட அண்ணனுக்கு இந்தச் சொல் தேவையில்லை; 'லெஃப்ட்' போதும். உங்களை வெறுக்கிற அண்ணிக்கும் பொருந்தாது, ஏனென்றால் வெறுக்கிறவருக்கு உங்கள் மேல் ஒரு கண் இருந்துகொண்டே இருக்கும். சத்துவாச்சாரியில் ஒரு கல்யாண மண்டபம். சொந்த அக்கா மகள் கல்யாணம். மாமா வந்திருக்கிறார், மொய் எழுதிவிட்டார், கடைசி வரிசையில் உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சண்டை கிடையாது, சலிப்பும் கிடையாது, அவர் பாட்டுக்கு இருக்கிறார். அவருக்குத்தான் இந்தச் சொல்: ஹீ சீம்ட் டிடாச்ட் ஃப்ரம் இட் ஆல்.

'ஃப்ரம்' என்ற அந்தச் சிறு சொல்லைக் கவனியுங்கள். அதற்குப் பின்னால் வருவதை வைத்தே பொருள் மாறுகிறது.

ஃப்ரம் என்பதற்குப் பின்னால் ஆட்கள் வந்தால் அது உறவின் பேச்சு. 'டிடாச்ட் ஃப்ரம் ஹெர் ஃபேமிலி' என்றால் குடும்பத்தோடு ஒட்டுதல் இல்லை. பெரும்பாலும் வருத்தத்தோடு சொல்வது.

பின்னால் ஒரு விஷயம் வந்தால், வழக்கு, விவாதம், முடிவு, லாபநஷ்டம் என்று ஏதாவது வந்தால், அது பார்வையின் பேச்சு. தனக்கு அதில் ஆதாயமோ கோபமோ இல்லாமல் தள்ளி நின்று பார்க்கிறார் என்று பொருள். இங்கே வருத்தம் இல்லை, பல நேரம் மரியாதைதான் இருக்கும்.

பின்னால் தன் உடம்போ, தன் உணர்ச்சியோ, நடப்புலகமோ வந்தால் அது மருத்துவரின் காதில் போட வேண்டிய பேச்சு. 'ஐ ஃபீல் டிடாச்ட் ஃப்ரம் மை பாடி' என்று ஒரு நோயாளி சொன்னால் அதைச் சோகக் கவிதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'டிடாச்ட் ஃப்ரம் ரியாலிட்டி' மட்டும் விதிவிலக்கு. அது அரசியல்வாதிகளையும் மேனேஜர்களையும் திட்டவும் பயன்படும்.

படி 3: யார் சொல்கிறார் என்று பாருங்கள்

மனைவி கணவனைப் பார்த்து 'யூ ஆர் ஸோ டிடாச்ட்' என்றால் குறை. தீர்ப்பைப் படித்த வழக்கறிஞர் 'எ டிடாச்ட் ஜட்ஜ்மெண்ட்' என்றால் பாராட்டு. சொல் ஒன்றுதான், சொல்பவர் எதிர்பார்ப்பதுதான் வேறு. நெருக்கம் எதிர்பார்க்கும் இடத்தில் அது குற்றச்சாட்டு, நடுநிலை எதிர்பார்க்கும் இடத்தில் அது தகுதி.

இரண்டும் ஒன்றோடொன்று மோதும் இடம் மருத்துவமனை. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிஎம்சி மருத்துவமனை இருக்கிற ஊரில் இதை விளக்கப் பெரிய பாடு இல்லை. ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் ஒருவராவது ஆஸ்பத்திரி வேலையில் இருப்பார். மருத்துவர் எந்த அளவு மனம் கொடுக்கலாம் என்ற பேச்சு ஆங்கிலத்தில் பழையது. 1889இல் வில்லியம் ஆஸ்லர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படிப்பு முடித்த மருத்துவ மாணவர்களுக்கு ஆற்றிய உரையில், எது நேர்ந்தாலும் குலையாத நிதானமே மருத்துவருக்கு முதல் தேவை என்றார். அவர் பயன்படுத்திய சொல் 'இம்பெர்டர்பபிலிட்டி'. 1963இல் சமூகவியலாளர் ரெனே ஃபாக்ஸும் மனநல மருத்துவர் ஹரோல்டு லீஃபும் மருத்துவ மாணவர்கள் கற்கும் மனநிலைக்கு 'டிடாச்ட் கன்சர்ன்' என்று பெயர் வைத்தார்கள். அக்கறை உண்டு, ஆனால் அதில் மூழ்கிவிடுவதில்லை. பின்னால் வந்தவர்களில் சிலர், மருத்துவர் உணர்ச்சியைத் தள்ளிவைப்பதால் நோயாளியைப் புரிந்துகொள்வதே குறைகிறது என்று மறுத்தும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த மறுப்பு நியாயமாகப் படுகிறது. ஆனால் சொல்லைக் கற்கிறவருக்கு முக்கியம், 'டிடாச்ட்' என்பதும் 'கன்சர்ன்' என்பதும் ஆங்கிலத்தில் ஒரே தொடரில் சேர்ந்து உட்கார முடியும் என்பதுதான். 'கேலஸ் கன்சர்ன்', அதாவது கல்நெஞ்சு அக்கறை, என்று எவரும் சொல்ல முடியாது. டிடாச்ட் என்பது அன்பில்லை என்று சொல்லும் சொல் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எழுத்திலும் அப்படித்தான். 'டிடாச்ட் டோன்' என்று ஒரு கட்டுரையைச் சொன்னால், எழுதியவர் தன் மனதைக் கலக்காமல் எழுதியிருக்கிறார் என்று பொருள். நம் ஊர் வரலாற்றிலேயே பார்க்கலாம். "வெள்ளையனின் திமிருக்கு வேலூர்ச் சிப்பாய்கள் கொடுத்த பதிலடி" என்று தொடங்கினால் அது உணர்ச்சியோடு எழுதியது. "நன்றிகெட்ட சிப்பாய்களின் வெறியாட்டம்" என்று அந்தக் காலத்து ஆங்கில அதிகாரி எழுதியிருந்தால் அதுவும் உணர்ச்சிதான், கட்சி மட்டும் வேறு. இப்போது இதைப் படியுங்கள்: "1805 நவம்பரில் சிப்பாய்களின் தலைப்பாகை, சாதிக் குறி, தாடி பற்றிப் புதிய விதிகள் வந்தன. 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் வேலூர்க் கோட்டையைக் கைப்பற்றினர். அன்றே ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டார்." இதுதான் டிடாச்ட். அடைமொழி ஒன்றும் இல்லை, யார் பக்கமும் சாயவில்லை. நூறு சிப்பாய்கள் சுவரோடு நிறுத்திச் சுடப்பட்டார்கள் என்ற செய்தியை இதே தொனியில் எழுதினால், அதே டிடாச்ட் டோன் படிக்கிறவருக்கு உறுத்தவும் செய்யும். பாராட்டு எந்த இடத்தில் குறையாக மாறுகிறது என்பதை இப்படித்தான் பழக முடியும். விதி போட்டுச் சொல்ல முடியாது.

படி 4: பக்கத்து வீட்டுச் சொற்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று போக வேண்டும். ஒட்டாமல் இருப்பதற்கு ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு சொல் உண்டு. அவற்றை ஆங்கில விளக்கத்தால் மனப்பாடம் செய்தால் எல்லாம் ஒரே குழம்பாகிவிடும். நம்மிடம் இதற்கு வழக்குகள் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை உட்கார வைத்தால் மறக்காது.

"அவ நம்ம கூட எங்க ஒட்டுறா, மேல பார்த்துட்டே போறா." இது அலூஃப். தள்ளி நிற்பதோடு கொஞ்சம் கித்தாப்பும் தெரிய வேண்டும், அல்லது மற்றவர்களுக்கு அப்படியாவது தோன்ற வேண்டும். கப்பல்காரர்களின் சொல் இது. காற்றடிக்கும் பக்கமாகக் கப்பலைத் திருப்பிக் கரையிலிருந்து விலக்கி ஓட்டுவதற்கான கட்டளையிலிருந்து வந்தது. கரையை விட்டு விலகுதல் என்ற அந்தப் பொருள் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூச்சத்தால் பேசாத பெண்ணை அலூஃப் என்று எழுதிவிடாதீர்கள். அவளுக்கு ஷை, ரிசர்வ்ட் இருக்கிறது. டிடாச்ட் என்ற சொல்லில் இந்தக் கர்வம் கிடையாது.

"எனக்கென்ன வந்துச்சு" என்பது இன்டிஃபரன்ட். வலது போனாலும் சரி, இடது போனாலும் சரி என்ற மனநிலை. இதற்குப் பின்னால் 'டு' வரும்: இன்டிஃபரன்ட் டு பாலிடிக்ஸ். இதில் ஒரு பொறி இருக்கிறது. 'அன் இன்டிஃபரன்ட் குக்' என்றால் அக்கறையில்லாத சமையல்காரர் அல்ல, சுமாராகச் சமைப்பவர். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது 'சுமார்' என்ற பொருள் எட்டிப் பார்க்கும்.

"ஏனோதானோன்னு செய்யறான்" என்பதற்கு அப்பதெட்டிக். உள்ளே விசையே இல்லை. இதன் கிரேக்க மூலமான 'அப்பதேயா' என்பதைப் பழைய ஸ்டோயிக் தத்துவவாதிகள் உயர்ந்த நிலையாகப் போற்றினார்கள், ஆசையும் அச்சமும் ஆட்டாத மனம் என்ற பொருளில். ஆங்கிலத்தில் இன்று அது ஓட்டுப் போடப் போகாதவர்களைத் திட்டும் சொல்லாக இறங்கிவிட்டது. அதே பள்ளியின் பெயரில் பிறந்த 'ஸ்டோயிக்' மட்டும் மதிப்போடு இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு வலியை வாய்விட்டுச் சொல்லாத கிழவிக்கு அது பொருந்தும். கிழவிக்கு வலி உண்டு, உணர்ச்சி உண்டு, காட்டிக்கொள்ளவில்லை. டிடாச்ட் என்று எழுதினால் அவரைத் தவறாகச் சொன்னதாகும்.

"மரத்துப்போச்சு" என்பதற்கு 'நம்' என்ற ஆங்கிலச் சொல். கடைசியில் இருக்கும் பி எழுத்து ஒலிக்காது. அடிமேல் அடி விழுந்தவருக்கு, சாவு வீட்டில் அழக்கூட வராமல் உட்கார்ந்திருப்பவருக்கு. இது அவர் தேர்ந்தெடுத்தது அல்ல, அவருக்கு நேர்ந்தது. டிடாச்ட் இரண்டு விதமாகவும் இருக்கலாம், 'நம்' ஒருபோதும் நாமே விரும்பி எடுத்துக்கொள்வதாக இராது.

"அலட்டிக்கவே மாட்டான்" என்பதற்கு நான்சலன்ட். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் மத்தியில் கொடிகட்டிப் பறக்கும் சொல் இது. பிரெஞ்சில் சூடாக இருத்தல் என்ற வேரிலிருந்து, சூடாகாதவர் என்ற பொருளில் வந்தது. மே மாத வேலூரில் இருந்துகொண்டு இந்தச் சொல்லைக் கற்றுக்கொடுப்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி உண்டு. நான்சலன்ட் பார்க்கிறவருக்காகக் கொஞ்சம் நடிப்பதாகவும் இருக்கலாம். தோளைக் குலுக்கிக்கொண்டு அரியர் பேப்பரைப் பற்றிப் பேசுகிற பையன் நான்சலன்ட், ஆனால் உள்ளுக்குள் அவன் டிடாச்ட் அல்ல.

"கல்நெஞ்சுக்காரன்" என்பதற்கு கேலஸ். தோல் காய்த்துப்போவதற்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எந்த இடத்திலும் பாராட்டு ஆகாது. நர்ஸ் குறிப்பிலும் புகார் மெயிலிலும் இதை எழுதுமுன் இருமுறை யோசியுங்கள். இது நடத்தை பற்றிய சொல் அல்ல, ஒருவரின் குணத்துக்கே போடும் முத்திரை.

"ஒடுங்கிப் போயிட்டா" என்பதற்கு வித்ட்ரான். முன்பு கலகலப்பாக இருந்தவர் இப்போது சுருங்கிவிட்டார் என்ற மாற்றம் இதில் தெரியும். கவலையோடு சொல்வது.

"நடுநிலையா பேசுறார்" என்பதற்கு டிஸ்பாஷனேட், "ஆதாயம் பார்க்காம சொல்றார்" என்பதற்கு டிஸ்இன்ட்ரஸ்டட். இரண்டும் பாராட்டு. டிஸ்இன்ட்ரஸ்டட் என்றால் ஆர்வமில்லாதவர் என்று நினைப்பவர்கள் ஆங்கிலேயர்களிலும் உண்டு. தேர்வில் எழுதுகிறவர்கள் ஆர்வமின்மைக்கு அன்இன்ட்ரஸ்டட் என்றே எழுதிவிடுவது பாதுகாப்பு.

"பட்டும் படாமலும் பேசினார்" என்பது டிடாச்ட் போலத் தோன்றும். அல்ல. அவர் பிடி கொடுக்கவில்லை, அவ்வளவுதான், நான்கமிட்டல். "தாமரை இலைத் தண்ணி மாதிரி இருக்கார்" என்பதுதான் டிடாச்ட் என்ற சொல்லுக்கு நம்மிடம் இருக்கும் மிக நெருங்கிய வழக்கு. இலையிலேயேதான் இருக்கிறது, ஒட்டவில்லை. "எருமை மாட்டு மேல மழை பேஞ்ச மாதிரி" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் யாருக்கும் புரியாது. அங்கே எருமைக்குப் பதில் வாத்து: 'வாட்டர் ஆஃப் எ டக்ஸ் பேக்'. திட்டு வாங்கியும் உறைக்காதவருக்குச் சொல்வது.

ஆன்மிகத்தில் வரும் பற்றின்மைக்கும் ஆங்கிலத்தில் டிடாச்மெண்ட் என்று எழுதுகிறார்கள். ஸ்ரீபுரம் பொற்கோயில் போய்வந்து பதிவு போடுகிறவர்கள் பயன்படுத்தலாம், பிழையில்லை. ஆனால் பின்னணி தெரியாத வெளிநாட்டுக்காரர் படித்தால் உணர்ச்சியற்றவர் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. 'நான்அட்டாச்மெண்ட்' என்றால் அந்தக் குழப்பம் வராது.

படி 5: நோயாளிக் குறிப்பில் எழுதும்போது

வார்டில் வழக்கமாக நடக்கிற பேச்சு இது. ஜூனியர் கேட்கிறாள்: "அக்கா, ஜன்னலோரத்து பெட்ல இருக்கற அம்மா, இன்னா கேட்டாலும் ம், இல்ல, இவ்ளோதான் சொல்றாங்க. டிடாச்ட்னு எழுதிடட்டுமா?" சீனியர் கேட்கிறார்: "அவங்க பொண்ணு வந்தப்ப எப்படி இருந்தாங்க?" "பொண்ணுகிட்ட நல்லாத்தான் பேசுனாங்க." "அப்ப நம்மகிட்டதான் பேசல. அதை எழுது."

'டிடாச்ட்' என்பது பார்த்தது அல்ல, பார்த்ததிலிருந்து நாம் எடுத்த முடிவு. கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, ஒற்றைச் சொல்லில் பதில், முகத்தில் மாற்றமில்லை, இரவு உணவைத் தொடவில்லை: இவைதான் பார்த்தது. முதலில் இவை வரட்டும். அதன் பிறகு வேண்டுமானால் 'அப்பியர்ட் டிடாச்ட்' என்று எழுதலாம். 'வாஸ்' என்று எழுதாமல் 'அப்பியர்ட்' என்று எழுதுவது அவசியம். மனநிலைப் பரிசோதனைக் குறிப்பில் முகபாவத்துக்குத் தனிச் சொற்கள் உண்டு. உணர்ச்சி வெகுவாகக் குறைந்திருந்தால் பிளன்டட் அஃபெக்ட், அறவே தெரியவில்லை என்றால் ஃபிளாட் அஃபெக்ட். அந்த இடத்தில் டிடாச்ட் என்று போடக் கூடாது.

குழந்தை வார்டில் இந்தச் சொல்லுக்குத் தனி வரலாறு இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பௌல்பியும், தாயைப் பிரிந்து மருத்துவமனையில் தங்கும் சிறு குழந்தைகளைக் கவனித்தார்கள். அப்போது அங்கே பெற்றோர் பார்க்க வரும் நேரத்துக்கே கடும் கட்டுப்பாடு. குழந்தை முதலில் கத்தி அழுது எதிர்க்கும். பிறகு சோர்ந்து நம்பிக்கை இழக்கும். மூன்றாவதாக அமைதியாகி, நர்ஸோடு சிரித்து, சாப்பிடத் தொடங்கும். பார்க்கிறவர்கள் "பிள்ளை சமத்தாயிட்டான்" என்பார்கள். தாய் வந்து நின்றால் அவளை அந்நியரைப் போலப் பார்க்கும். இந்த மூன்றாம் நிலைக்குப் பௌல்பி வைத்த பெயர்தான் டிடாச்மெண்ட். நம் ஊர் வார்டில் அம்மாவோ ஆயாவோ கட்டிலோடு ஒட்டிக்கொண்டே இருப்பதால் இது அவ்வளவாகக் கண்ணில் படாது. வெளிநாட்டில் குழந்தைகள் பிரிவுக்குப் போகிறவர்கள் தெரிந்துவைத்திருங்கள், இந்தப் பொருளில் டிடாச்மெண்ட் என்பது சமத்து அல்ல.

பெரியவர்களிடத்திலும் மூன்று இடங்களில் இந்தச் சொல் அறிகுறிப் பட்டியலில் வரும். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு மற்றவர்களோடு ஒட்ட முடியாமல் போவது. 2013இல் வந்த டிஎஸ்எம் 5 என்ற அமெரிக்க மனநலக் கையேட்டில், பிடிஎஸ்டி எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகளில் இதுவும் உண்டு. தன் உடம்பையோ எண்ணத்தையோ வெளியே நின்று பார்ப்பது போன்ற உணர்வு. அதற்கு டிபர்சனலைசேஷன் என்று பெயர். மூன்றாவது, ஆளுமைக் கோளாறுகளை விவரிக்கும்போது. வேலைச்சோர்வுக்கு, அதாவது பர்ன்அவுட்டுக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி 11 டிடாச்ட் என்று எழுதாமல், வேலையிலிருந்து மன அளவில் ஏற்படும் தூரம் என்கிறது. நைட் டியூட்டியில் நொந்துபோய் "நான் டிடாச் ஆயிட்டேன்" என்று சொல்கிறவர்கள் ஆங்கிலத்தில் 'பர்ன்ட் அவுட்' என்றே சொல்லலாம்.

ஓஇடி பேச்சுத் தேர்வில் நோயாளியோடு உறவை ஏற்படுத்திக்கொள்வதற்கும் மதிப்பெண் உண்டு. மனப்பாடம் செய்த வரிகளை ஒப்பித்தால் நீங்களே டிடாச்ட் ஆகத் தெரிவீர்கள். நோயாளி சொன்னதில் ஒரு சொல்லை எடுத்து அதிலிருந்து அடுத்த கேள்வியைத் தொடங்கினாலே பாதி சரியாகிவிடும்.

படி 6: வாக்கியத்தில் வைக்கும்போது

முதல் சிக்கல் வேற்றுமை உருபு. நாம் "அவங்களோட ஒட்டுதல் இல்ல" என்று நினைத்து 'டிடாச்ட் வித்' என்கிறோம். அட்டாச்ட் என்பதற்கு 'டு' வருவதால் 'டிடாச்ட் டு' என்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு. ஃப்ரம் மட்டும்தான். யாரிடமிருந்து என்று சொல்ல வேண்டாத இடத்தில் எதுவும் வேண்டாம்: ஷீ லுக்ட் டிடாச்ட்.

இரண்டாவது, வினைச்சொல். "அவர் என்னை டிடாச் பண்ணிட்டார்" என்பதை 'ஹீ டிடாச்ட் மீ' என்று மாற்றினால், உங்களை ஏதோ ஸ்க்ரூ கழற்றுவது போலச் சுவரிலிருந்து கழற்றி எடுத்தார் என்று ஆகிவிடும். சொல்ல நினைத்தது 'ஹீ டிஸ்டன்ஸ்ட் ஹிம்செல்ஃப் ஃப்ரம் மீ', அல்லது இன்னும் கடுமையாக, 'ஹீ கட் மீ ஆஃப்'. டிடாச் என்ற வினையை மனிதருக்கு வைத்தால் தன்னைத்தானே என்ற சொல் கூடவே வர வேண்டும்: ஐ டிடாச்ட் மைசெல்ஃப் ஃப்ரம் த ஆர்கியுமெண்ட். "டிடாச் ஆயிட்டேன்" என்பதை 'ஐ பிகேம் டிடாச்ட்' என்பதைவிட 'ஐ ஃபீல் டிடாச்ட்' என்றோ 'ஐ ஹேவ் மூவ்ட் ஆன்' என்றோ சொல்வதுதான் ஆங்கில நடை. முன்னது உணர்ச்சி இல்லாமல் போனது, பின்னது மனம் தேறியது. எது உங்கள் கதை என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பீ, ஃபீல், சீம், ரிமெய்ன் ஆகியவற்றுக்குப் பின்னாலும், அப்சர்வர், டோன், மேனர், வ்யூ ஆகியவற்றுக்கு முன்னாலும் இயல்பாக உட்காரும். அளவு சொல்ல 'வெரி' என்பதைவிட எமோஷனலி, கம்ப்ளீட்லி, ஸ்ட்ரேஞ்ச்லி, ஸம்வாட் அழகு. 'டிடாச்ட்லி' அகராதியில் இருந்தாலும் பேச்சில் அபூர்வம்; 'இன் எ டிடாச்ட் வே' என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, எதிர்ச்சொல்லில் ஒரு கண்ணிவெடி. அட்டாச்ட் என்பதற்கு எதிர் என்று நினைத்து 'அன்அட்டாச்ட்' என்று எழுதினால், இன்னும் துணை அமையாதவர் என்று பொருளாகிவிடும். ஆஃபீஸ் மெயிலில் மேனேஜரைப் பற்றி அப்படி எழுதி வைக்காதீர்கள்.

படி 7: உணர்ச்சிக்குச் சம்பந்தமில்லாத டிடாச்ட்

இங்கிலாந்தில் வீடு தேடும்போது டிடாச்ட் என்றால் தனி வீடு, செமி டிடாச்ட் என்றால் ஒரு சுவர் பக்கத்து வீட்டோடு பொது. ஐஈஎல்டிஎஸ் லிசனிங்கிலும் வரும். கம்மவான்பேட்டை மாதிரி ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்க்காரர்களுக்கு டிடாச்மெண்ட் பழகிய சொல்தான், முதன்மைப் படையிலிருந்து பிரித்து அனுப்பிய பிரிவு. இந்தப் பொருளில் அதற்குப் பன்மையும் வரும்.

கண் மருத்துவத்தில் ரெட்டினல் டிடாச்மெண்ட் என்பது விழித்திரை விலகல். பார்வையில் திடீரென்று மின்னல் கீற்று, மிதக்கும் புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை விழுவது போன்ற நிழல் தெரிந்தால் இலக்கணம் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆரணி ரோடு ஷெல் கண் மருத்துவமனையோ, பக்கத்தில் எது உண்டோ அங்கே போய்விடுங்கள்.

படி 8: பழகிப் பாருங்கள்

கீழே உள்ளவற்றுக்கு டிடாச்ட் பொருந்துமா என்று முதலில் நீங்களே முடிவு செய்யுங்கள், பிறகு என் விடையைப் பாருங்கள்.

"எங்க சித்தப்பா சொத்துத் தகராறுல எந்தப் பக்கமும் பேசல. ரெண்டு பேர் சொல்றதையும் கேட்டுட்டு நியாயத்தச் சொன்னார்." டிடாச்ட் என்றால் சரி. அவருக்கு அந்தச் சொத்தில் பங்கு எதுவும் இல்லை என்பதை அழுத்த வேண்டுமானால் டிஸ்இன்ட்ரஸ்டட்.

"அப்பா போனதிலிருந்து அண்ணன் அழவே இல்ல. வேலைக்குப் போறார், வர்றார்." இங்கே டிடாச்ட் எழுதினால் அவர் மேல் பழி போட்டது போல ஆகும். 'நம்' என்பதுதான் நியாயம்.

"புதுசா வந்த டீம் லீடர் யாரோடயும் டீ குடிக்க வரமாட்டார், குட்மார்னிங் சொன்னா தலையை மட்டும் ஆட்டுவார்." ஊழியர்கள் பேசிக்கொள்வது என்றால் அலூஃப். அவரைத் தேர்ந்தெடுத்த ஹெச்ஆர் சொல்வது என்றால் ரிசர்வ்ட். யார் சொல்கிறார் என்ற இரண்டாம் கேள்வி இங்கே முழுக்க வேலை செய்கிறது.

"பையர் ஆர்டரைக் குறைச்சிட்டான், நம்ம மேனேஜர் கண்டுக்கவே இல்ல." எழுதுகிறவருக்குக் கோபம் என்றால் இன்டிஃபரன்ட். பதறாமல் அடுத்த வேலையைப் பார்த்தார் என்று மெச்சினால் அன்ஃபேஸ்ட். டிடாச்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்கும், மெயிலில் எழுதினால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் மேனேஜரே உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்.

"பேஷண்ட் தன் கையைப் பார்த்து, இது யார் கையோ மாதிரி இருக்குதுன்னு சொல்றாங்க." டிடாச்ட் பொருந்தும், ஃப்ரம் ஹெர் ஓன் பாடி என்று சேர்த்து. ஆனால் குறிப்பில் முதலில் அவர் சொன்ன சொற்களை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதுங்கள், நேரத்தைப் போடுங்கள், டியூட்டி டாக்டருக்குச் சொன்னதையும் பதிவு செய்யுங்கள்.